பூதப்பாண்டியில் ஒரு லிக்விட் கூலரைத் திறந்து பார்த்தபோது

மாடிப்படியில் கால் வைத்ததுமே சத்தம் காதில் விழுந்தது. கீழே ஜவுளிக்கடை, மேலே கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ. பூதலிங்கசுவாமி கோயிலில் இருந்து நடந்தே வந்துவிடலாம். கதவைத் திறந்தால் பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். இத்தனைக்கும் கம்ப்யூட்டரில் வேலை எதுவும் ஓடவில்லை. திரையில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“சுவிட்ச் போட்ட நேரத்துலேருந்து இப்படித்தான் அலறிட்டுக் கெடக்கு அண்ணாச்சி. பாட்டு செலக்ட் பண்ண வாறவங்க ஹெட்போன மாட்டிட்டுத்தான் கேக்காங்க. சவத்தத் தூக்கித் தூரப் போட்ருலாமான்னு தோணுது” என்றார் ஸ்டூடியோ நடத்தும் தம்பி.

நாகர்கோவிலில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்த மெஷின். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று, டிரைவர்களைப் புதுப்பித்தாயிற்று. ஃபேன் மட்டும் அடங்கவில்லை.

ஃபேன் கோளாறு என்று கூப்பிடுகிறவர்களிடம் சத்தம் எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். எந்நேரமும் ஒரே முழு வேகம் என்றால் கட்டுப்பாடு ஃபேனுக்குப் போய்ச் சேரவே இல்லை; வயரிலோ மதர்போர்டின் பயாஸ் அமைப்பிலோ பிழை இருக்கும். ஏறி இறங்கி ஓடினால் கட்டுப்பாடு இருக்கிறது, கணக்குதான் சரியில்லை. கரகரப்போ தண்ணீர் களகளப்போ கேட்டால் ஃபேனை விட்டுவிட்டுப் பம்பைப் பார்க்க வேண்டும். இங்கே முதல் ரகம். எனவே சாஃப்ட்வேர் பக்கமே போகாமல் திருப்புளியைக் கேட்டு வாங்கினேன்.

பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினோம். பிராசசர் மேல் வட்டமான பம்ப். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் மேலே ஏறி, கூரையில் பொருத்திய 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரில் சேர்கின்றன. அதன் அடியில் 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டு. பிராசசரின் சூட்டைத் திரவம் வாங்கிக்கொண்டு மேலே போகும். ஃபேன் காற்று அதை வெளியே தள்ளும். ஆறிய திரவம் கீழே வரும். ரேடியேட்டர் பம்புக்கு மேலே இருந்தது நல்லதாயிற்று. உள்ளே தங்கும் கொஞ்சநஞ்சக் காற்று மேலே போய் ஒதுங்கும், பம்புக்குள் சிக்காது.

திரவத்தால் கம்ப்யூட்டரைக் குளிர்விப்பது புது வித்தை ஒன்றும் இல்லை. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் பலகைகள், மின்சாரம் கடத்தாத ஃபுளோரினெர்ட் என்ற திரவத்துக்குள் மூழ்கியே வேலை செய்தன. 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5 வரிசையின் உயர்ந்த மாடலில் லிக்விட் கூலரை வைத்தது. அவற்றில் சில பின்னாளில் ஒழுகவும் செய்தன. இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது, தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி முத்திரையிட்ட ஏஐஓ என்ற வகை. திரவம் ஊற்றும் வேலை நமக்கு இல்லை. வயர்களைச் சரியான இடத்தில் செருகினால் போதும். தகராறு பெரும்பாலும் அங்கேதான்.

ஃபேனில் இருந்து வரும் நான்கு வயர்களுக்கும் தனித்தனி வேலை. ஒன்று கிரவுண்ட். இரண்டாவது 12 வோல்ட். மூன்றாவது ஃபேன் தன் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்லும் வழி. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று கணக்கு. நான்காவதில்தான் மதர்போர்டின் கட்டளை வருகிறது. விநாடிக்கு 25,000 முறை அணைந்து எரியும் சிக்னல் அது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதை வைத்து ஃபேன் தன் வேகத்தைத் தீர்மானிக்கும். இந்த நான்காவது வயர் அறுந்தாலோ சரியாகச் சேராவிட்டாலோ ஃபேன் நிற்காது, முழு வேகத்தில் ஓடும். சூடேறிச் சாவதைவிடச் சத்தம் போடுவது மேல் என்று வகுத்த ஏற்பாடு.

நான்காவது வயரே இல்லாத மூன்று பின் ஃபேன்களும் பம்புகளும் உண்டு. அவற்றின் வேகத்தை வோல்டேஜைக் குறைத்துத்தான் அடக்க முடியும். பயாஸில் நான்காவது வயர் சிக்னலுக்குப் பிடபிள்யூஎம், வோல்டேஜ் குறைப்புக்கு டிசி என்று இரண்டு முறைகள் இருப்பது இதற்காகத்தான். மூன்று பின் ஃபேனைப் பிடபிள்யூஎம் முறையில் விட்டால் 12 வோல்ட்டும் அப்படியே போகும், ஃபேன் அலறும்.

இந்த மெஷினில் ஃபேன்கள் இரண்டும் நான்கு பின் வகை. ஒரு ஒய் ஸ்பிளிட்டரில் சேர்ந்திருந்தன. ஸ்பிளிட்டரின் ஒரு காலில் ஒரு பின் இல்லாததைத் தம்பி காட்டினார்.

“இது ஒடைஞ்சு போச்சா அண்ணாச்சி?”

உடையவில்லை. இரண்டு ஃபேனும் ஒரே நேரத்தில் வேகம் சொன்னால் மதர்போர்டு குழம்பும் என்பதால், ஒன்றின் வாயைத் தயாரிப்பிலேயே அடைத்துவிடுகிறார்கள். இது தெரியாமல் ஸ்பிளிட்டரைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குகிறவர்கள் ஏராளம்.

ஸ்பிளிட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மதர்போர்டின் மேல் ஓரத்தில், ஏஐஓ பம்ப் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட சாக்கெட்டில் போய் முடிந்தது. பம்பின் மூன்று பின் வயரோ கீழே சேஸிஸ் ஃபேன் சாக்கெட்டில் இருந்தது. சிபியூ ஃபேன் சாக்கெட் காலி. கோளாறு முழுவதும் இந்த மூன்று இடத்தில் அடங்கிவிட்டது.

பம்ப் எப்போதும் ஒரே சீராக ஓட வேண்டியது. ஆகவே பம்ப் சாக்கெட்டைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் முழு வேகத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். அதில் ஃபேனைச் செருகினால் அலறாமல் என்ன செய்யும்? சேஸிஸ் ஃபேன் சாக்கெட்டோ சூட்டுக்குத் தகுந்தபடி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும். அங்கே போன பம்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் ஏழோ எட்டோதான் கிடைத்திருக்கும். சத்தத்தைப் பற்றி எல்லோரும் புகார் சொன்னார்கள்; மெலிந்து ஓடிய பம்பைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டில் ஆபத்தானது அதுதான்.

மறுபடி பவர் கொடுத்து, டெலிட் கீயைத் தட்டிப் பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம். சிபியூ ஃபேன்: இல்லை. ஏஐஓ பம்ப்: 1,800 சுற்று. சேஸிஸ்: 1,500 சுற்று. பெட்டியைத் தேடி எடுத்துவந்தார் தம்பி. அதில் ஃபேனின் உச்சவேகம் 1,800 என்றும் பம்பின் வேகம் 2,600 என்றும் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிபியூ ஃபேன் சாக்கெட்டில் வேகச் செய்தி வராவிட்டால், மெஷின் கிளம்பும்போதே ஃபேன் எரர் என்று நிறுத்திச் சொல்லும். இங்கே அந்தக் கண்காணிப்பை ‘இக்னோர்’ என்று மாற்றி வைத்திருந்தார்கள். அசெம்பிள் செய்தவருக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. காரணத்தைத் தேடுவதற்குப் பதில் எச்சரிக்கையின் வாயை மூடிவிட்டார். வயர் மாறுவது அவசரத்தில் யாருக்கும் நடக்கும். எச்சரிக்கையை மூடியதை என்னால் அப்படி விட முடியவில்லை.

மறுபடி அணைத்து, ஃபேன் ஸ்பிளிட்டரைச் சிபியூ ஃபேன் சாக்கெட்டுக்கும் பம்பை ஏஐஓ பம்ப் சாக்கெட்டுக்கும் மாற்றினோம். பயாஸில் ஃபேனுக்குப் பிடபிள்யூஎம் முறை, பம்புக்குக் குறைக்காத முழு வேகம், இக்னோர் நீக்கம். ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் ஒருமுறை சீறிவிட்டுத் தணிந்தது. குழாய்கள் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே சூடு. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்து கிடந்தால் திரவம் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. தம்பி எடிட்டிங் டைம்லைனை இழுக்க இழுக்க, ஃபேன் ஏறுவதும் இறங்குவதுமாகத் தொடங்கியது. எனக்கு ஒரே ஸ்தாயி அலறலைவிட இதுதான் எரிச்சல். காரணம் எளிது. பயாஸ் பார்ப்பது பிராசசர் சூட்டை. அது தோசைக்கல் மாதிரி நொடியில் 45-இல் இருந்து 70-க்குப் போய் அதே வேகத்தில் திரும்பும். திரவம் கல்யாண வீட்டு அண்டாவில் கொதிக்க வைக்கும் தண்ணீர். மெல்லத்தான் சூடேறும், மெல்லத்தான் ஆறும். ஃபேன் ஆற்ற வேண்டியது அண்டாவை. பிராசசர் துள்ளும்போதெல்லாம் கூடவே துள்ளுவதால் ஒரு லாபமும் இல்லை. விலை கூடிய கூலர்களில் திரவத்தின் சூட்டை அளக்கும் சென்சார் உண்டு. அதையே ஃபேனுக்கு ஆதாரமாகத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. இதில் இல்லை. ஆகவே வேகம் கூடவும் குறையவும் சில விநாடி தாமதம் கொடுத்து, எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பயாஸில் வரையும் கோட்டை 65 டிகிரி வரை தட்டையாக வைத்து, 65-க்கும் 85-க்கும் நடுவில் மெல்ல ஏற்றிவிட்டேன்.

சுவரில் தொங்கிய வெப்பமானி 33 காட்டியது. பங்குனி வெயில், மேலே ஷீட் கூரை, ஏசி இல்லை. திரவம் எவ்வளவு ஆறினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. இது இயற்பியல், எந்தப் பிராண்டும் மாற்ற முடியாது. திரவம் 40 டிகிரியைத் தொட்டதும் ஃபேன் வேகமெடுக்கும்படி ஒரு கோடு போட்டிருந்தால், 20 டிகிரி அறையில் அது நியாயம். நடுவில் 20 டிகிரி இடைவெளி இருக்கிறது. நம் ஊரில் ஏழே டிகிரிதான். டீ குடித்து வருவதற்குள் தாண்டிவிடும். திரவச் சென்சார் உள்ள கூலர் வைத்திருப்பவர்கள் தொடக்கப் புள்ளியைத் தங்கள் அறையின் மதிய வெப்பத்தைப் பார்த்துத் தள்ளி வைக்க வேண்டும். உச்சத்தை 60-க்குப் போகவிடக் கூடாது.

ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் மஞ்சளாகப் பொடி அப்பியிருந்தது. கும்பப்பூ அறுவடை முடிந்த நேரம். சுற்றிலும் வயல், ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. வைக்கோல் தூசிதான். மெல்லிய பிரஷ்ஷாலும் புளோயராலும் துடைத்தோம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுமீறிச் சுழலவிட்டால் பேரிங் கெடும், தவிர அது மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்கு அனுப்பும் அபாயமும் உண்டு.

யுஎஸ்பி வயர் உள்ள கூலர் என்றால் கதை வேறு. அவற்றில் பலவற்றில் ஃபேன்கள் மதர்போர்டுக்கு வராமல் கூலரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பயாஸில் எத்தனை திருத்தினாலும் ஃபேன் அசையாது. அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில்தான் மாற்ற வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு லிக்விட்சிடிஎல் இருக்கிறது. இரண்டு சாஃப்ட்வேர் ஒரே கூலரைப் பிடித்து இழுத்தால் வேகம் கண்டபடி ஓடும், ஒன்றை எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட்டில் தீராத பிடிவாதம் சில நேரம் பின்பக்கச் சுவிட்சை முழுதாக அணைத்து அரை நிமிடம் விட்டால் தீரும்.

ஒரு கல்யாண வீடியோவை ரெண்டருக்குப் போட்டோம். முன்பு 92-ஐத் தொட்ட பிராசசர் 78-இல் நின்றது. ஃபேன் சத்தம் சீலிங் ஃபேன் சத்தத்துக்குள் அடங்கிவிட்டது. தம்பி ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இந்த ஸ்டூடியோவுக்கு லிக்விட் கூலர் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். இதே வேலைக்கு நல்ல ஏர் கூலர் ஒன்று போதும். ஃபேன் போனால் வேறு ஃபேன் மாட்டிவிடலாம். இதில் பம்ப் போனால் மொத்தத்தையும் தூக்க வேண்டும். வருஷக்கணக்கில் ரப்பர் குழாய் வழியே திரவம் மெல்லக் கசிந்து குறைவதையும் யாரும் தடுக்க முடியாது. வாங்கியாகிவிட்டது என்பதால் ஓடும்வரை ஓடட்டும்.

புதிதாக மெஷின் அசெம்பிள் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிபியூ ஃபேன் என்ற இடத்தில் ஒரு வேகம், பம்ப் என்ற இடத்தில் பெட்டியில் அச்சிட்டதற்கு ஒத்த ஒரு வேகம் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றால் மெஷினை வாங்கி வராதீர்கள்.