பெருங்குளத்தின் புத்தகக் கூடுகள்

செங்கோட்டையிலிருந்து ரயிலில் மலை இறங்கினால் புனலூரைத் தாண்டி வருகிறது கொட்டாரக்கரை. அதையடுத்த சிற்றூர் பெருங்குளம். கேரளத்தின் முதல் புத்தக கிராமம் என்று பெயர் எடுத்த ஊர். சாலையில் நடக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே முதல் ‘புத்தகக் கூடு’ கண்ணில் பட்டது.

ஒற்றைக் காலில் நிற்கும் சிறு பெட்டி. சரிந்த கூரை, கண்ணாடிக் கதவு. பூட்டு இல்லை, பெயர் எழுத நோட்டும் இல்லை. பிடித்த புத்தகத்தை எடுத்துப் போகலாம். படித்த பிறகு திருப்பி வைக்கலாம். வீட்டில் சும்மா கிடப்பதையும் கொண்டுவந்து வைக்கலாம். உள்ளே பஷீரின் குறுநாவலும் குழந்தைகளின் ‘பாலரமா’ இதழ்களும் தோளோடு தோள் சாய்ந்திருந்தன.

பள்ளிச் சீருடையில் வந்த சிறுமி ஒருத்தி கதவைத் திறந்து இரண்டு புத்தகங்களைப் புரட்டினாள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த அம்மாவிடம் எது நன்றாக இருக்கும் என்று கேட்டு, அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு போனாள். கூட்டைத் துடைப்பது, ஈரம் பட்டவற்றை வெயிலில் காயவைப்பது எல்லாம் அந்த அம்மாதான்.

“புத்தகம் காணாமல் போகாதா, சேச்சி?” என்று கேட்டேன்.

“போகும். இந்த ஊரில் யாராவது படித்துக்கொண்டிருப்பார்கள்” என்றார்.

அங்கிருந்து பாபுஜி ஸ்மாரக வாயனசாலைக்குப் போனேன். காந்தி கொல்லப்பட்ட 1948இல், அவர் நினைவாக இவ்வூர் இளைஞர்கள் வீடு வீடாகப் புத்தகம் திரட்டித் தொடங்கிய நூலகம் இது. கூடுகளை நிறுவியதும் இதுதான். அமெரிக்காவின் ஹட்சன் நகரில் 2009இல் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக, பள்ளிக்கூட வடிவில் ஒரு புத்தகப் பெட்டி செய்து வீட்டு வாசலில் வைத்தார். உலகெங்கும் தெருவோரப் புத்தகப் பெட்டிகள் பரவ அது வழிகாட்டியது. பெருங்குளத்தில் கூடுகளுக்குப் பின்னால் ஊர் நூலகமே நிற்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. வைப்பவர்களை மட்டும் நம்பினால் பெட்டியில் பழைய பாடநூல்களும் கைடுகளும்தான் தேங்கும். படிக்கத் தகுந்ததைத் தேர்ந்து அடுக்கவும், தேங்கியதை அகற்றவும் ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் நமக்கும் இதற்கான அடித்தளம் உண்டு. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இயங்குகின்றன. ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி என்று வட்டம் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும்.

நீங்கள் தொடங்குவதானால், தச்சரைக் கூப்பிடுவதற்கு முன் தெருவில் ஒரு வீட்டைத் தேடுங்கள்: பகலில் ஆள் இருக்கும் வீடு, குழந்தைகள் தயங்காமல் பேசும் வீடு. பெட்டியை அதன் எதிரில் வையுங்கள். யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பது மெல்ல அந்த வீட்டுக்குத் தெரியவரும். பெயர் தெரியாமல் அடுத்தடுத்து வாழ்பவர்கள் பேசிக்கொள்ள அதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.