சுண்ணாம்பும் கரியும் உடையாகும் ஊர்
சித்தூர் – திருப்பதிப் பயணம்: 3

சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவுக்குள், பயணியை நிறுத்திவைக்கும் அருங்காட்சியகம் என்றால் அது சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலே. விஜயநகர ஆட்சியின் பிற்காலத்தில் தலைநகராக விளங்கிய அக்கோட்டையின் மாளிகை இன்று கற்சிற்பங்களுக்கும் செப்புத் திருமேனிகளுக்கும் உறைவிடமாயிருக்கிறது. ஆனால் இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற வேடத் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையின் கோலங்களைக் காண விழைவோர், மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கே செல்ல வேண்டும். ஏனெனில் அக்கோலங்களுள் பல, பூசிய அன்றே கழுவப்பட்டு விடுபவை.

ஜாத்திரை என்பது கிராம தேவதைக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படும் ஊர்த் திருவிழா. திருப்பதியில் அது செவ்வாய் இரவு 'சாட்டிம்பு' எனப்படும் அறிவிப்புடன் தொடங்குகிறது. தமிழ்நாட்டு அம்மன் கோயில்களில் பூச்சாட்டும் காப்புக்கட்டும் செய்யும் பணியை இங்கு இவ்வறிவிப்பு செய்கிறது. விழா முடியும்வரை ஊரார் எல்லை தாண்டி வெளியூரில் இராத்தங்கலாகாது என்ற கட்டுப்பாடும் இதனோடு நடைமுறைக்கு வருகிறது. திருப்பதியை அடுத்த அவிலாலா, அம்மன் வளர்ந்த ஊராகக் கருதப்படுவதால், பிறந்த வீட்டுச் சீராக அங்கிருந்து மஞ்சளும் குங்குமமும் வருகின்றன. வேங்கடவன் அவளுக்கு அண்ணன் முறை என்பதால், தேவஸ்தானத்தின் சார்பில் சேலையும் மங்கலப் பொருள்களும் வந்து சேர்கின்றன. மலைமேல் உள்ள பெருங்கோயிலுக்கு வருவோரில் மிகப் பலர் இந்தத் தங்கை வீட்டை எட்டிப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுவது வருந்தத்தக்கது.

வேடங்களுக்கு அடிப்படை ஒரு தொன்மக் கதை. பெண்களைத் துன்புறுத்திவந்த பாளையக்காரன் ஒருவனை, தெலுங்கு வழக்கில் 'பாலெகாடு' எனப்படுபவனை, அழிக்க முனைந்த கங்கம்மா, தன் உண்மை உருவைக் கண்டு அஞ்சி ஒளிந்துகொண்டவனை ஒவ்வொரு வேடமாக மாற்றிக்கொண்டு தேடி அலைந்தாள் என்பதும், இறுதியில் 'தொர', அதாவது துரை வேடத்தில் அவள் வந்தபோது வெளிப்பட்ட அவன் தலையைக் கொய்தாள் என்பதும் அதன் சாரம். இவ்வேடங்களை அம்மன் சார்பில் ஏற்கும் உரிமை, நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட கைகால குடும்பத்தாருடையது.

பொதுமக்களும் அந்தந்த நாளின் வேடத்தை வேண்டுதலாக ஏற்கின்றனர். முதலில் வரும் பைராகி, நாடோடித் துறவியின் கோலம்; அதற்கு உடல் முழுவதும் நாமக்கட்டி குழைத்த வெண்ணிறப் பூச்சு. அடுத்து வரும் 'பண்ட' வேடத்துக்குக் குங்குமச் செம்மையும் கையில் வேப்பிலைக் கொத்தும் உரியன. அன்று வசைமொழி பேசுவது குற்றமாகாது, வழிபாட்டின் பகுதியே ஆகும். தோட்டி வேடத்துக்கு அடுப்புக்கரி. துரையின் வெற்றிக்குப் பின், கணவனை இழந்த பாளையக்காரன் மனைவியைத் தேற்றச் செல்லும் மாதங்கி வருகிறாள். அதன்பின் வரும் சுண்ணபுகுண்டலு என்பது, பெயர் சொல்வதுபோல், சுண்ணாம்புப் பானையைத் தலையில் தாங்கிய கோலம். வேண்டுதலாக, மூங்கிலாலும் வண்ணக் காகிதத்தாலும் கோபுரம்போல் அமைந்த சப்பரங்களைத் தலையில் ஏந்திவருவோரும் உளர்.

இவையனைத்தினும் பயணியின் கண்ணை நிறுத்துபவர்கள் சேலை கட்டிய ஆண்களே. வீட்டுப் பெண்கள் கொசுவம் மடித்துச் செருகி, சவுரி வைத்துப் பின்னி, பூச்சூட்டி அனுப்ப, மீசையை மழித்தவரும் மழிக்காதவருமாக அவர்கள் கோயிலுக்கு நடந்துவருகின்றனர். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் நேர்ந்துகொண்டு காளி வேடமிடுவோரைக் கண்டு பழகிய தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. ஆயினும் இங்கு நிகழ்வதை இவ்வூரிலேயே தங்கி ஆய்ந்த அமெரிக்க அறிஞர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், 2013இல் வெளியான தம் நூலில், பெண்கள் அம்மனின் சக்தியில் இயல்பாகவே பங்குடையவர் என்றும், ஆண்களே உருமாற வேண்டியவர் என்றும் விளக்குகிறார். கேளிக்கை என்று இதைக் கடந்துசெல்வதைவிட அவ்விளக்கம் பொருத்தமானது.

வேடங்களுக்கென்றே அருங்காட்சியகம் கண்ட ஊர் பெல்ஜியத்தின் பேன்ஷ். 1975இல் தொடங்கப்பட்ட அங்குள்ள அனைத்துலகக் கார்னிவல், முகமூடி அருங்காட்சியகம், கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டமாகிய கார்னிவலில் 'ஜில்' எனப்படுவோர் அணியும் வைக்கோல் திணித்த உடையையும் தீக்கோழி இறகுத் தொப்பியையும் காட்சிக்கு வைத்துள்ளது. ஜில் தம் உடையில் பேன்ஷின் எல்லையைத் தாண்டலாகாது என்ற மரபு, சாட்டிம்பின் கட்டுப்பாட்டை நினைவூட்டுகிறது. எனினும் இறகும் துணியும் கண்ணாடிப் பேழைக்குள் நிலைக்கும். கரியும் சுண்ணாம்பும் நிலைப்பதில்லை. ஆகவே பேழை செய்யும் வேலையைத் திருப்பதியில் ஒரு குடும்பத்தின் உரிமையும் ஊராரின் வேண்டுதலும் செய்கின்றன. 2024 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா 2' படத்தில் நாயகன் நீலம் பூசிச் சேலையுடுத்தி ஆடிய காட்சி இவ்விழாவை நாடறியச் செய்தது உண்மையே. ஆனால் திரை காட்டியது ஒரு கோலத்தை மட்டுமே, அதுவும் மிகையான ஒப்பனையோடு.

இறுதி இரவில் கோயில் முன் களிமண்ணால் அம்மனின் பெருமுகம் அமைக்கப்படுகிறது. இதற்கு விசுவரூபம் என்று பெயர். புதன் விடியலில் பேரண்டாலு, அதாவது சுமங்கலி வேடத்தில் வரும் கைகால குடும்பத்தவர் அம்முகத்தைக் கிழித்துச் சிதைக்க, அந்த மண்ணில் ஒரு பிடியேனும் பெறக் கூட்டம் முண்டியடிக்கிறது. அது நோய் தீர்க்கும் மருந்தென வீடுகளில் காக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறான சடங்கைக் காண விரும்புவோர் வைகாசி முதல் நாளில், சித்தூரை அடுத்துத் தமிழகப் பக்கம் உள்ள குடியாத்தம் செல்லலாம். அங்கு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அம்மனின் தலை ஊர்வலமாக வந்து உடலோடு பொருத்தப்படுகிறது.