செம்மண் ஓடையில் ஒரு பகல்

புதுச்சேரியில ரெண்டு பேர் உட்கார்ந்து பேச இடத்துக்கா பஞ்சம்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. கடற்கரை இருக்கு, பாரதி பூங்கா இருக்கு, மஞ்சள் சுவர் வச்ச பிரெஞ்சு தெருக்கள் இருக்கு. உள்ளூர்க்காரங்களைக் கேட்டுப் பாருங்க. காந்தி சிலைகிட்ட அஞ்சு நிமிஷம் நின்னா அப்பாவோட ஆபீஸ் நண்பர் வருவார். பூங்காவுல பெரியம்மா நடைப்பயிற்சி. சின்ன ஊருங்க இது. எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வகையில தெரிஞ்சவங்க.

அதனாலதான் அந்த ரெண்டு பேரும் பிப்ரவரி மாசத்து சனிக்கிழமை ஒண்ணுல, காலை ஆறரை மணிக்கே காலாப்பட்டு பஸ்ஸில ஏறினாங்க (தனித்தனி சீட்டுல!). ஒரே காலேஜ், கடைசி வருஷம். வீட்டுல ரெண்டு பேருமே 'ஸ்பெஷல் கிளாஸ்'னு சொல்லிட்டு வந்தவங்க. கோட்டக்குப்பம் வந்தா தமிழ்நாடு, காலாப்பட்டு வந்தா மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரங்க 1954-ல கிளம்பிப் போயிட்டாங்க, அவங்க போட்ட எல்லைக்கோடு மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. நடுவுல பொம்மையார்பாளையம். அங்க இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேற்கே நடக்கணும்.

முதல்ல முந்திரித் தோப்பு, அங்கங்க பனை. திடீர்னு தரை ரெண்டாப் பிளந்த மாதிரி ஒரு பள்ளம். இறங்கிட்டா வேற உலகம். ரெண்டு பக்கமும் சிவப்புச் சுவர், சில இடத்துல ரெண்டு ஆள் உயரம், சில இடத்துல அதுக்கும் மேல. கீழே மழைத்தண்ணி அலசி அலசிப் போட்ட வெள்ளை மணல். ரோட்டுச் சத்தம் ஒரு வளைவு தாண்டினதும் அறுந்து போச்சு. அமெரிக்காவுல இருக்குற கிராண்ட் கேன்யனோட ஒப்பிட்டா இது அதோட சுண்டுவிரல் நகம் கூட இல்ல. ஆனா உள்ளே நிக்கிறவங்களுக்கு அது தோணாது. ரெண்டு பேரும் அவங்களை அறியாமலே குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க.

இந்த மண்ணுக்குப் புவியியல்காரங்க வச்ச பேர் கடலூர் மணற்கல். கடலூர் கேப்பர் மலையும் இதே மண்தான். திருவக்கரையில கல்லா மாறிக் கிடக்குற மரங்களும் இதே அடுக்குலதான் இருக்கு. அந்த மரங்களுக்கு வயசு சுமார் 2 கோடி வருஷம்னு சொல்றாங்க. சிவப்பு நிறம் வேற ஒண்ணுமில்ல, மண்ணுல இருக்குற இரும்போட துரு.

சுவரை ஒட்டி சின்னச் சின்னத் தூண்கள். ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு கூழாங்கல், தொப்பி போட்ட மாதிரி. மழை அடிக்கும்போது கல் இருக்குற இடம் மட்டும் தப்பிக்குது, சுத்தி இருக்குற மண் கரைஞ்சு போயிடுது. அவள் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். அவன் சுவர்ல இருக்குற ஓட்டைகளை எண்ணினான். பஞ்சுருட்டான் குருவிங்க இந்த மாதிரி மண்சுவரைக் குடைஞ்சுதான் முட்டை வைக்கும். கை எட்டுற உயரத்துல நிறைய ஜோடிப் பேர்கள், பாதி அழிஞ்சு. அவனும் ஒரு கல்லைத் தேடி எடுத்தான்.

"அடுத்த மழைக்கே போயிடும்டா, விடு."

போட்டுட்டான்.

கொஞ்ச தூரத்துல ஆடு மேய்க்கிற ஒரு ஆயா. ரெண்டு பேருக்கும் பக்குனு ஆச்சு. ஆனா ஆயா கேட்டது, "தண்ணி வச்சிருக்கீங்களா பிள்ளைங்களா?" அவ்வளவுதான். பாட்டிலை வாங்கிக் குடிச்சிட்டு, கையிலிருந்த குச்சியால மேலே காட்டுச்சு. சுவரைக் காட்டலங்க, ரெண்டு சுவருக்கும் நடுவுல இருக்குற வெறும் ஆகாயத்தை.

"எங்க மாமனார் அங்கதான் கம்பு வெதைச்சாரு. ரெண்டு பக்கமும் ஒரே கொல்லை. முதல்ல ஒரு வாய்க்கா மாதிரி கோடு விழுந்துச்சு. சரி பண்ணிக்கலாம்னு விட்டாங்க. ஒவ்வொரு ஐப்பசிக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, இப்ப ஆடுதான் மேயுது."

ஆயா போன பிறகும் ரெண்டு பேரும் அந்த ஆகாயத்தையே அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னாங்க. அதுவரைக்கும் 'என்ன அழகு, என்ன அழகு'ன்னு பார்த்தது இதைத்தான். அழகு குறைஞ்சிடல. ஆனா ஒருத்தர் வீட்டுக் கொல்லையை நிலத்துலிருந்து கழிச்சா வர்ற மீதிதான் இந்தப் பள்ளம். பி.காம். படிக்கிறவங்க பாஷையில சொன்னா, மூலதனத்தைக் கரைச்சுத் தின்னுக்கிட்டே லாபம்னு எழுதி வந்த கணக்கு. மேட்டுல ஒரு காலத்துல காடு இருந்துச்சு. வெட்டினாங்க. மிச்சத்தை ஆடு மாடு மேஞ்சது. வேர் இல்லாத மண் வடகிழக்குப் பருவமழைக்கு எத்தனை நாள் தாங்கும்? கடலே சிவப்பாகிற அளவுக்கு ஓடிச்சு.

1968 பிப்ரவரி 28-ல இந்த மேட்டு மேலதான் ஆரோவில்லைத் தொடங்கினாங்க. 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில போட்டாங்க. வேடிக்கை என்னன்னா, அந்தத் தாழிக்கு வெளியே இருந்த சொந்த மண் மழைக்கு மழை கடலுக்குப் போய்க்கிட்டிருந்தது. வந்தவங்க முதல்ல செஞ்ச உருப்படியான வேலை, வரப்பு போட்டதும், ஓடைக்குக் குறுக்கே தடுப்பு கட்டினதும், மரம் நட்டதும்தான். கூட நின்னு கடப்பாரை பிடிச்சவங்க சுத்து வட்டாரத்துக் கிராமத்து ஜனங்க. அந்தப் பங்கை யாரும் பெருசாப் பேசுறதில்ல. இன்னைக்கு மேலே இருக்குற காடு அப்படி வந்தது.

இன்னொரு வளைவு திரும்பும்போது அவள் செருப்பு வார் பிய்ஞ்சு போச்சு. அவன் குனிஞ்சு, அவள் கொடுத்த ஊக்கை மாட்டிவிட்டான். மாட்டும்போதே ஒரு தடவை மேலே, விளிம்பைப் பார்த்தான். யாராவது பார்க்கறாங்களான்னு. அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"இப்படித்தான்டா இந்த ஊரே பாலைவனம் ஆச்சு."

அவ ஆத்தா சொன்ன கதை அது. பக்கத்துல இரும்பைன்னு ஒரு ஊர், சம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் இருக்கு. கடுவெளிச் சித்தர் அங்க தவம் இருந்தாராம், மேலே புத்து மூடுற அளவுக்கு. மழை இல்லாம ஊர் தவிச்சப்போ, வள்ளின்னு ஒரு தாசி அவர் கையில அப்பளம் வச்சுப் பழக்கி எழுப்பிட்டாள். மழையும் வந்துச்சு. கோயில் திருவிழாவுல அவள் ஆடும்போது கால் சலங்கை கழண்டு விழ, சித்தர் எடுத்து அவ காலில மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரிச்சது. சித்தருக்கு வந்த கோபத்துல லிங்கமே வெடிச்சு, ஊரும் வறண்டு போச்சு. அந்த லிங்கத்தைச் செப்புத் தகடால சேர்த்துக் கட்டி இன்னைக்கும் பூஜை நடக்குது.

கதைதான். ஆனா மண் ஏன் வறண்டதுன்னு காரணம் தேடின ஜனங்களுக்கு, ஒரு பொண்ணு காலைத் தொட்டவனைப் பார்த்து ஊரே சிரிச்சதுதான் பொருத்தமான பாவமாத் தோணியிருக்கு பாருங்க!

கல் அடுக்கிய தடுப்பு ஒண்ணு மேல உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரிச்சாங்க. தடுப்புக்கு மேல்பக்கம் வண்டல் தேங்கி, புல் முளைச்சிருந்தது. கீழ்ப்பக்கம் வெறும் மணல்.

"வீட்டுல ஜாதகத்தை வெளியே எடுத்துட்டாங்க" என்றாள்.

"எம்.பி.ஏ. முடிச்சிடறேன். ரெண்டு வருஷம். அப்புறம் பேசிக்கலாம்."

"ரெண்டு வருஷத்துல ரெண்டு மழைக்காலம் இருக்குடா."

அவன் பதில் சொல்லல. 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் வந்தப்போ ஒரே நாள்ல புதுச்சேரியில 45 சென்டிமீட்டருக்கும் மேல கொட்டினது ரெண்டு பேருக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க தெருவுல முழங்கால் தண்ணி. இந்த ஓடை அன்னைக்கு எப்படி ஓடியிருக்கும்? தடுப்புல நாலஞ்சு கல் சரிஞ்சு கீழே கிடந்தது. அவன் எழுந்து போய் ஒண்ணைத் தூக்கிட்டு வந்து வச்சான். சரியா உட்காரல. திருப்பி வச்சான்.

சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் கேட்டான்.

"உங்கப்பா ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வீட்ல இருப்பார்?"

"ஒன்பது மணிக்கு மீன் வாங்கப் போவார். பத்துக்கு வந்துடுவார்."

"பத்தரைக்கு வரேன்."

"பதினொண்ணுக்கு வா. மீன் கழுவி முடிக்கட்டும், அதுவரைக்கும் எங்கம்மா கோவமா இருப்பாங்க."