தண்ணீர் போகும் வழி

பழைய காருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது சிலிக்கான் டியூப்பைத்தான். கண்ணாடி ஓரம், கதவு ஓரம் என்று கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பூசுகிறார்கள். அடுத்த மழையில் மேட்டைத் தூக்கினால் அதே ஈரம், சில சமயம் முன்பைவிட அதிகமாக. இதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. காரைத் தண்ணீரே புகாத பெட்டியாக யாரும் செய்யவில்லை. மழை சில இடங்களில் உள்ளே இறங்கும், வேறு வழியாக வெளியே போகும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

கதவையே பாருங்கள். கண்ணாடியில் வழியும் மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் உள்ள சின்ன ஓட்டைகள் அதை ரோட்டுக்கு அனுப்பிவிடும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்தத் தண்ணீர் நம் பக்கம் திரும்பாமல் காக்கிறது. ஸ்பீக்கர் மாட்டவும் பவர் விண்டோ பழுது பார்க்கவும் கதவைப் பிரித்தவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் போயிருப்பார்கள். அடியில் மண் சேர்ந்து ஓட்டையும் அடைத்திருந்தால், ஈரம் கார்ப்பெட்டுக்கு வந்தே தீரும். இதற்கு வெளிப்பக்க பீடிங்கை மாற்றிப் பயனில்லை.

சென்னையில் மரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. வைப்பருக்குக் கீழே ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி இருக்கிறதல்லவா, அதனடியில் ஒரு தொட்டி. முன்கண்ணாடியில் விழும் மழை அங்கே இறங்கி இரண்டு பக்கமும் வடியும். வேப்பிலையும் பெருங்கொன்றையின் பொடி இலையும் அந்த ஓட்டைகளில் சுலபமாக நுழைந்து, உள்ளே மக்கி, வடிகாலை அடைத்துவிடுகின்றன. ஐப்பசி அடைமழையில் தொட்டி நிரம்புகிறது. நம் ஊர் வண்டிகள் பலவற்றில் ஏசி புளோயர் காற்றை இழுக்கும் வாயும் இடது பக்கம் அதே தொட்டியில்தான் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் முன்சீட்டுக்காரர் காலடியில் கொட்டும். மொட்டை மாடிக் குழாய் அடைத்தால் கூடத்துச் சுவர் ஊறுவதைப் போன்ற கதை இது. கையை விட்டு அள்ளினால் தீர்ந்துவிடும்.

வந்தது மழைத் தண்ணீர்தானா என்பதையும் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில், ஏசி போட்டு ஓடிய பிறகு காலடி நனைந்தால், ஏசி டிரெய்ன் பைப் அடைத்திருக்கும். அந்தத் தண்ணீர் தெளிவாக, வாடையில்லாமல் இருக்கும். பச்சையோ சிவப்போ நிறம் கொண்டு, விரலில் பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட். கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பூச்சாக மங்குவதும் அதன் அடையாளம். கூலண்ட் விஷம், வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. இன்ஜினுக்கும் ஆபத்து என்பதால் அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

மழைதான் என்று தெரிந்தபின் பொறுமை வேண்டும். ஈரம் தெரியும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறு. கூரையில் ஆன்டெனா அடியில் புகுந்த துளி, தூணுக்குள் இறங்கிக் காலடியில் தலை காட்டும். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் நிற்கும் தண்ணீர், பின்விளக்கின் ரப்பரைத் தாண்டி வந்ததாக இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, எல்லாவற்றையும் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவ வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து மெல்லிய நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடமாக, நிதானமாக விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எது ஓட்டை என்று பிரித்தறிய முடியாது. பிரஷர் வாஷர் இதற்கு ஆகாது, நல்ல ரப்பரையும் தாண்டி அது தண்ணீரைப் புகுத்திவிடும். பவுடரில் கோடு விழுந்ததும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் வாசல் தெரிந்துவிடும்.

வழியைச் சரிசெய்தாலும் வேலை முடியவில்லை. கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். தகடு துருப்பிடிப்பதும், கீழே ஓடும் ஒயர் கனெக்டர்கள் பச்சை பூப்பதும் அந்த ஈரத்தால்தான். பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் முழுக்கக் காயப்போட்டு, தரையில் துரு தொட்ட இடத்தைத் தேய்த்து பிரைமர் அடித்த பிறகே திரும்ப விரிக்க வேண்டும்.