ஒன்றரை நாற்காலி

லண்டனுக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் சிப்பாய் மாறுவதைப் பார்ப்பார்கள். தேம்ஸ் நதிப் பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். மெழுகுப் பொம்மைகளின் தோளில் கை போட்டுக்கொண்டு ஊருக்குப் படம் அனுப்புவார்கள். அடியேனும் இந்தக் கடமைகளையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிட்டேன். மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு ப்ளீட் தெருவுக்குக் கிளம்பினேன்.

பத்திரிகைக்காரனுக்கு ப்ளீட் தெரு என்றால் ஒரு க்ஷேத்திரம் மாதிரி. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பத்திரிகைகளெல்லாம் அங்கேதான் அச்சாயின. 1980-களிலிருந்து ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்துவிட்டன. இன்று மை வாசனையும் இல்லை, அச்சு யந்திரத்தின் சத்தமும் இல்லை. ஆனால் நான் தேடிப் போனது பத்திரிகை ஆபீஸை அல்ல. தெருவின் வடபுறம் சந்துக்குள் சந்தாக வளைந்து போனால் வரும் கஃப் சதுக்கத்தில், 17-ம் எண்ணுள்ள ஒரு பழைய செங்கல் வீட்டை.

அந்த வீட்டில் 1748-லிருந்து 1759 வரை குடியிருந்தவர் டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன். ஆங்கில அகராதி தந்த மகாமேதை. அவர் பேசினால் கேட்க ஒரு கூட்டம். அந்தப் பேச்சைக் குறித்து வைக்க பாஸ்வெல் என்று ஒரு சிஷ்யர். சுடச் சுடப் பதில் சொல்கிறவர், வயிறாரச் சாப்பிடுகிறவர், கணக்கில்லாமல் தேநீர் குடிக்கிறவர் என்றுதான் கல்லூரியில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவருடைய இன்னொரு முகத்தை நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சதுக்கத்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்பது ஒரு பூனை! நிஜப் பூனை அல்ல, வெண்கலப் பூனை. ஜான்ஸன் ஆசையாக வளர்த்த ஹாட்ஜ். அகராதியின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சிப்பி ஓடுகள். 1997-ல் வைத்த சிலை இது. ஹாட்ஜுக்குச் சிப்பி வாங்க ஜான்ஸன் தாமே கடைக்குப் போவாராம். ஒரு பூனைக்காக நம்மை அலைய விடுகிறாரே என்று வேலைக்காரர்கள் அதன்மேல் வெறுப்புக் கொள்ளக் கூடாதல்லவா? அதற்காக!

உள்ளே நுழைந்தால் வாசற்கதவில் கனத்த இரும்புச் சங்கிலி. திருடனுக்குப் பயந்து போட்டது. கடன்காரனைத் தடுக்க அது போதவில்லை. உலகம் போற்றும் அகராதி வெளியான மறு வருஷமே, 1756-ல், ஆறு பவுன்கூட நிரம்பாத ஒரு கடனுக்காக ஜான்ஸனைக் கைது செய்தார்கள். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி அவரை மீட்டார்.

மரப்படிகளில் ஏறி மேலே போனால், உச்சியில் வீட்டின் அகலம் முழுவதும் நீண்டு கிடக்கும் ஓர் அறை. அகராதி பிறந்த இடம். இரண்டாவது உலகப் போரில் விழுந்த குண்டுகளின் தீ இந்தக் கூரையையும் பிடித்தது. தீயணைப்புப் படையினர்தான் வீட்டைக் காப்பாற்றினார்கள். இங்கே ஆறு எழுத்தர்கள் கச்சேரிக் குமாஸ்தாக்கள் போல மேஜைகளில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். 40 அங்கத்தினர் கொண்ட பிரெஞ்சு அகாடமிக்குத் தன் அகராதியை முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மூன்றே வருஷத்தில் முடிப்பேன் என்று ஜான்ஸன் சொன்னார். ஒன்பது வருஷம் ஆயிற்று. 1755-ல் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு புத்தகம் வந்தது.

மூன்று ஏன் ஒன்பதாயிற்று? வேலை பெரிது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத் தெரிந்துகொள்ள, வாசகர்களே, நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1709-ல் லிச்பீல்டு என்ற சிற்றூரில் ஒரு புத்தகக் கடைக்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் ஜான்ஸன். தகப்பனாரும் மனச்சோர்வில் ஆழ்கிறவர்தாம். ஆக்ஸ்போர்டில் சேர்ந்து, பணமில்லாமல் பதின்மூன்று மாதத்தில் படிப்பை விட்டுத் திரும்பினார் மகன். அந்த இருபதாவது வயதில்தான் முதல் முறையாக அது அவரைப் பிடித்தது. ஊர்க் கடிகாரத்தை வெறித்துப் பார்த்தபடி நிற்பாராம். மணி எத்தனை என்று மட்டும் தெரியாதாம். பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம் அன்று தொடங்கியது. எப்படியாவது மனசை உலுக்கிவிட வேண்டுமென்று பர்மிங்ஹாமுக்கு நடந்து போய், நடந்தே திரும்புவார். போக வர 32 மைல்!

தம் நிலைமையை லத்தீன் மொழியில் விவரமாக எழுதி, வைத்தியராக இருந்த ஞானத்தந்தை ஸ்வின்பென்னிடம் கொடுத்தார். அதிலிருந்த அறிவுக் கூர்மையைக் கண்டு பூரித்துப்போன அந்த நல்ல மனிதர், அதை நாலு பேரிடம் காட்டிவிட்டார். உள்ளம் திறந்து சொன்ன ரகசியம் ஊர்ப் பேச்சாயிற்று. ஜான்ஸன் அதை மறக்கவே இல்லை. ஆனால் பிற்காலத்தில் அந்த ஸ்வின்பென்னின் மகள் ஆதரவில்லாமல் நின்றபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தவரும் அவரேதான்.

கஃப் சதுக்கத்துக்கு வந்த பிறகும் அந்த நிழல் விடவில்லை. 1752-ல் மனைவி டெட்டி இறந்தாள். அவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவள். ஊர் சிரித்த கல்யாணம். அவரோ சாகும்வரை அவளுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். அவருடைய பிரார்த்தனைக் குறிப்புகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். வருஷத்துக்கு வருஷம் ஒரே சங்கல்பம்: சோம்பலை விட வேண்டும், விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் அதே தோல்வி. தனி மனிதராக ஒரு மொழியை அகராதியில் அடக்கியவர் தம்மைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டார்!

அந்தச் சொல்லைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

ஐந்து வருஷங்களுக்கு முன் கும்பகோணத்தில் என் அண்ணா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, வேலைக்குப் போகவில்லை, கேட்டால் பதில் இல்லை. ஜுரம் இல்லை, காயம் இல்லை. அப்பா மந்திரித்துப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தாள். அடியேன், படித்தவன், பத்திரிகைக்காரன், வாசற்படியில் நின்று, "சோம்பேறித்தனத்துக்கு ஒரு பெயர் வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் காதில் விழ வேண்டுமென்றே உரக்கக் கேட்டேன். பிறகு ஒரு மனநல மருத்துவர் கிடைத்தார். அது வியாதி, வைத்தியம் உண்டு என்றார். சில மாதங்களில் அண்ணா தேறினார். நான் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஜான்ஸனின் காலத்தில் அப்படி மருந்து கிடையாது. தாமே கண்டுபிடித்த வைத்தியங்கள்தாம். கணக்குப் போடுவார், ரசாயனப் பரிசோதனை செய்வார். எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, வீடு நிறைய மனிதர்கள். கண் தெரியாத அன்னா வில்லியம்ஸ். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த லெவெட். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, டெட்டி இறந்த சில நாளில் வந்து சேர்ந்த சிறுவன் பிரான்ஸிஸ் பார்பர். ஒருவரோடு ஒருவர் சண்டை போடாத நாள் இல்லை. ஆனாலும் ராத்திரி எத்தனை நேரமானாலும் அந்த அம்மாளோடு தேநீர் குடிக்காமல் ஜான்ஸன் படுக்கப் போகமாட்டார். இருட்டில் தனியாக இருப்பதுதான் அவருக்குப் பயம். பிற்காலத்தில் பாஸ்வெல்லும் இதே சோர்வில் தவித்தபோது, தனிமையும் வேலையின்மையும் ஒன்று சேர விடாதே என்பதுதான் குருவின் உபதேசம்.

இந்த மேல் அறைக்கு 1758-ல் பர்னி என்ற சங்கீத வித்வான் வந்தார். பருமனான சில கிரேக்கப் புத்தகங்கள், ஒரு மேஜை, ஒன்றரை நாற்காலி, இவ்வளவுதான் சாமான். முழு நாற்காலியை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, மூன்று காலும் ஒரு கையும் உள்ள அரை நாற்காலியில் ஜான்ஸன் தள்ளாடிக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜன்னலோரம் அந்த நாற்காலியை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பலமான ஆசாமி. எழுந்தால் திரும்ப உட்காருவதே வித்தை. அப்படி உட்கார்ந்துதான் அவர் வருஷக்கணக்காக எழுதினார்.

1766-ல் அவர் நிலைமை மிகவும் மோசமாயிற்று. பக்கத்துச் சந்தான ஜான்ஸன்ஸ் கோர்ட்டில் அப்போது குடியிருந்தார். (அந்தச் சந்துக்குப் பெயர் அவரால் வந்ததல்ல!) ஒரு நாள் த்ரேல் தம்பதிகள் பார்க்கப் போனார்கள். தமக்குப் புத்தி பேதலிப்பதாகச் சொல்லி, ஒரு பாதிரியாரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார் மேதை. பீர் ஆலை முதலாளியான த்ரேல் பதறிப்போய், அந்தப் பேச்சைப் பொறுக்கமாட்டாமல், தம் கையால் ஜான்ஸனின் வாயைப் பொத்தினார். பிறகு இருவரும் செய்த காரியம்தான் பெரிது. உபதேசம் செய்யவில்லை, தங்கள் ஸ்ட்ரெட்டம் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அது அவருக்கு இன்னொரு வீடாக இருந்தது. 1784-ல், எழுபத்தைந்தாவது வயதில், தம் படுக்கையில் அவர் கண் மூடினார். சொத்தில் பெரும்பகுதியைப் பார்பருக்கே எழுதிவைத்தார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று சொல்லும்முன் இந்த ஒன்றரை நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அழைத்துப் போகிறவர் கூடவே இருங்கள்.

கீழே இறங்கி ஹாட்ஜ் பூனையின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். அண்ணாவுக்கு என்ன எழுதுவதென்று சதுக்கத்துப் பெஞ்சில் வெகுநேரம் யோசித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை பேனாவில் வரவில்லை. கடைசியில், "ஊருக்கு வந்ததும் சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நாம் இரண்டு பேரும் நடக்க வேண்டும். வருவீர்களா?" என்று எழுதித் தபாலில் போட்டேன்.

கார்டுக்கு முன்னால் நான் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். அது வந்த அன்று அண்ணா இரண்டு முறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.