வருகலாமோ?

(பத்தாம் வகுப்பு மாணவி)

மேல்நாட்டில் 'ராக் ஓபெரா' என்றொரு கலைவகை உண்டு. கதையை வசனமாகப் பேசாமல் முதலிலிருந்து முடிவு வரை பாட்டாகவே நடத்துவார்கள். 1969-இல் 'தி ஹூ' என்னும் ஆங்கில இசைக்குழு 'டாமி' என்ற இசைத்தட்டை வெளியிட்டபின் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைசும் நம் ஆண்டவரின் இறுதி நாட்களைப் பாடல்களாக்கி 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். 1971-இல் அது நியூயார்க் நகரில் மேடையேறியது. முதலில் பாட்டு, பிறகு நாடகம்! இந்தப் புதுமையை எண்ணி நாங்கள் இசை வகுப்பில் வியந்துகொண்டிருந்தபோது எங்கள் தமிழாசிரியை சிரித்தார்கள். "இது நம் ஊரில் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்ததுதானே! நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் படித்துப் பாருங்கள்" என்றார்கள்.

படித்தோம். அதிலுள்ள 'வருகலாமோ' என்ற பாட்டைக் கற்றும் கொண்டோம். அந்த ஒரு பாட்டின் வரலாற்றையே இங்கே எழுதுகிறோம்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் அடியாரின் கதையைச் சில பாடல்களில் சொல்லியிருக்கிறார். பாரதியார் அதை விரித்து, கதாகாலட்சேபத்தில் பாடுவதற்கேற்ற கீர்த்தனைகளாக இயற்றினார். சேக்கிழார் சொல்லாத ஒரு பாத்திரத்தையும் படைத்தார். அவர்தான் நந்தனின் எஜமானராகிய வேதியர். சிதம்பரம் போக விடைகேட்கும் நந்தனிடம், "நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ" என்கிறார் அவர். பண்ணையாளின் கண்ணீர் இப்படித்தான் அந்தப் பக்திக் கதைக்குள் வந்து சேர்ந்தது.

பாரதியாரே ஒரு வாசலில் காத்திருந்தவர் என்பது எங்களை உருக்கியது. தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பலமுறை நடந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் பிள்ளையவர்கள் கொடாமல் நாள் கடத்தினார். ஒருநாள் பிற்பகலில் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். கேட்ட பிள்ளையவர்கள் மனம் கரைந்து எழுந்து வந்து பாயிரம் தந்தாராம். இதை எழுதி வைத்தவர் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்.

நம் இராயபுரம் இரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1861-இல் நந்தனார் சரித்திரம் அச்சேறியது. அச்சேற உதவியவர் காரைக்காலில் கலெக்டராயிருந்த சீசே என்னும் பிரெஞ்சுக்காரர்!

'வருகலாமோ' மாஞ்சி இராகத்தில் அமைந்தது. சிதம்பரத்தின் எல்லைவரை வந்துவிட்ட நந்தன், குலத்தின் காரணமாக உள்ளே நுழைய அஞ்சி, தில்லை நடராசரை நோக்கி "நான் வரலாமா?" என்று கேட்கும் பாட்டு அது. அதில் கோபமில்லை, வாதமில்லை. தயங்கித் தயங்கி இறங்கும் அந்த இராகத்தில் கேள்வி மட்டுமே இருக்கிறது. பாடும்போது எங்களில் சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதன்பின் இக்கீர்த்தனைகள் போன தூரத்தை என்னென்பது! 1908-ஐ ஒட்டி, வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கலெக்டர் விஞ்சு மிரட்டுவதாகப் பாட்டெழுத நினைத்த சுப்பிரமணிய பாரதியார், நந்தனார் சரித்திர மெட்டையே எடுத்துக்கொண்டார். வேதியரின் இடத்தில் வெள்ளைக்காரர் நின்றார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்றால் அக்காலத்தார் வாய்பிளந்ததில் வியப்பில்லை. 1942-இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடினார்.

தேசிகரின் குரலை எங்கள் தோழி ஒருத்தியின் ஆயா வானொலியில் கேட்டு வளர்ந்தவர். காசிமேட்டில் மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். நாங்கள் பாடிக் காட்டியதும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, நந்தன் உள்ள போறதுக்கு நெருப்புல எறங்குனான். உள்ளாற இருந்தவங்கள்லாம் எதுல எறங்கிப் போனாங்க?"

எங்களில் ஒருத்திக்கும் பதில் வரவில்லை.

அந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. சென்ற ஆண்டு, நகரின் தென்பகுதியில் நடந்த ஒரு பாட்டுப் போட்டிக்குப் போயிருந்தோம். "எந்த ஏரியா?" என்று கேட்ட பெண்கள், "காசிமேடு" என்றதும் ஒருவரையொருவர் பார்த்து மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். எங்கள் தோழி தலைகுனிந்து ஓரமாய்ப் போய் நின்றாள். பிறகு மேடையேறி இதே பாட்டைத்தான் பாடினாள். அன்று அவளுக்குப் பரிசில்லை. ஆனால் அந்தப் பாட்டை அவளைப்போல் யாரும் பாடிவிட முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எங்கள் அப்பாக்களும் அண்ணன்மாரும் வேலைக்காக ஒவ்வொரு கேட்டின் முன்னும் பாஸைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தாம். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று வடசென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நந்தனின் கேள்விக்குச் சரித்திரம் மெல்ல மெல்லப் பதில் சொல்லியிருக்கிறது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கினார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். நெருப்பின் வழியாக அன்று, வாசலின் வழியாக! 1947-இல் கோயில் நுழைவு சட்டமாயிற்று.

இதைப் படித்துவிட்டு, "அது அவர்கள் கோயில் கதை" என்று நாம் இருந்துவிட முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நம் கத்தோலிக்க ஆலயத்தின் உள்ளேயே சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவிலே சுவர்! அங்கேயும் ஒரு நந்தன் நின்றிருப்பான் அன்றோ?

நாள்தோறும் நாம் வகுப்பு வாசலில் நின்று, "மே ஐ கம் இன், சிஸ்டர்?" என்று கேட்கிறோம். 'வருகலாமோ' என்பதற்கு ஆங்கிலம் அதுதான். "எஸ், கம் இன்" என்ற பதில் உடனே கிடைத்துவிடுவதால் அந்தச் சொல்லின் அருமை நமக்குத் தெரிவதில்லை. பதில் கிடைக்காமல் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் எப்படியிருக்கும் என்பதைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது. பாட்டை இனிமையாகப் பாடக் கற்றுக்கொண்டால் போதாது. ஆயாவின் கேள்வியைக் கேட்டபின் எங்களுக்குப் புரிந்தது இதுதான்: கேட்கிறவன் வெளியே நிற்கிறான், பதில் சொல்லும் கடமை உள்ளே இருப்பவருக்கே உரியது.

தோழியரே, நாமும் எங்கோ ஓரிடத்தில் உள்ளே இருக்கிறவர்கள்தாம். ஆண்டின் நடுவில் சேர்ந்த மாணவி, எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாள். நம் பள்ளியைப் பெருக்கும் அக்கா வராந்தாவில் நின்றபடியே தேநீர் குடிக்கிறார். அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் கண்களில் இருப்பது மாஞ்சி இராகம்தான். நந்தன் பார்ப்பதற்காகத் திருப்புன்கூரில் வழியை மறைத்திருந்த கல் நந்தியே விலகியது என்கிறது கதை. இன்றும் அங்கே நந்தி சற்று விலகியே இருக்கிறது. கல்லே விலகியிருக்க, பெஞ்சின்மேல் இருக்கும் புத்தகப்பையை நாம் ஒரு சாண் நகர்த்த மாட்டோமா?