ஆச்சியின் குரல்

ராதாபுரத்து வீட்டில் ஆச்சி சொன்ன கதைகளைச் சேமித்திருந்த வன்தட்டு சென்ற மாதம் தளர்ந்துவிட்டது. ஒரு கோப்பை நகலெடுக்கவே ஒரு பகல் போயிற்று. பழுதான செக்டாரை அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதே தாமதத்துக்குக் காரணம். அந்தப் பிடிவாதம் தட்டின் மிச்ச ஆயுளையும் தின்றுவிடக்கூடும்.

நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' நிரலை ஓடவிட்டேன். அது நல்ல பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்கு எடுத்துக்கொள்ளும். பழுதானவற்றைக் குறித்துவைத்துக் கடைசியில்தான் அவற்றிடம் திரும்பும். மின்சாரம் போனாலும் அக்குறிப்பைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆச்சியும் அப்படித்தான். மறந்த பெயரைத் துரத்தமாட்டாள். "அது கெடக்கட்டும், பொறவு வரும்" என்று கதையைத் தொடர்வாள்.

நான்கு நாட்களில் ஒரு கதை தவிர அனைத்தும் மீண்டன. அந்த ஒன்று நடுவில் அறுந்து, ஆடிக்காற்றின் இரைச்சலோடு முடிகிறது. மிச்சத்தைச் சொல்ல ஆச்சி இல்லை.